தெரிந்துகொள்ளப்படாதவனுக்காக அம்மா ஜெபிக்கலாமா?

1. உப்பனாற்றங்கரை (கடலூர் முதுநகர்), ஞாயிறு இரவு 9.40

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் லுத்தரன் சபையார். வீட்டில் நடந்ததை முதலில் எழுதிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. என் அண்ணன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி 19 ஆண்டுகள் ஆகின்றன. யாரோடும் சண்டை இல்லை. அப்பா இறந்த வருடம் கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. இப்போது புதுச்சேரியில் மின்சாமான் கடை வைத்திருக்கிறான். அம்மா தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, சமையலறை வாசலில் முழங்காலிட்டு, அவன் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன்.

போன மாதம் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். ரோமர் 9ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொள்ளப்பட்டவன், அதாவது இரட்சிப்புக்கென்று தேவன் தேர்ந்தெடுத்தவன், எப்படியும் வந்துவிடுவான், தெரிந்துகொள்ளப்படாதவனுக்காக எத்தனை வருடம் அழுதாலும் வீண் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நாலரை மணிக்கு எங்கள் வீட்டில் சத்தமில்லை. இன்று மாலை கேட்டேவிட்டேன். அம்மா சொன்னார்: "அவன் பெயர் தேவனுடைய ஜீவபுத்தகத்தில் இல்லை என்றால், தம்பி, நான் இத்தனை வருடம் யாரிடம் மல்லுக்கு நின்றேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்று யோவான் 6:44 சொல்கிறது. எருசலேமின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள எத்தனை தரமோ மனதாயிருந்தேன், "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று மத்தேயு 23:37இல் அதே ஆண்டவர் சொல்கிறார். இழுக்கிறவர் அவர் என்றால் மனதில்லாமற்போனது எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.

2. சீர்திருத்த வாசகன் (திருப்பாதிரிப்புலியூர்), ஞாயிறு இரவு 11.15

சகோதரரே, இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவனே தெரிந்துகொள்கிறார் என்ற கால்வினின் போதனையை முழு மனதோடு ஏற்றவன் நான். அதனால்தான் உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கியது. என் வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ உங்கள் வீட்டில் கல் எறிந்துவிட்டார்கள்.

நான் திண்டிவனத்தில் வளர்ந்தவன். அங்கே ஊழியம் செய்த ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் அமெரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபையார். அவர்களுடைய விசுவாச அறிக்கைகளில் ஒன்று டார்ட் விதிகள். கால்வினின் போதனையை மறுத்த ஆர்மீனியஸின் சீடர்கள் 1610இல் முன்வைத்த ஐந்து கருத்துகளுக்கு நெதர்லாந்தில் 1618-1619இல் கூடிய சங்கம் எழுதிய பதில் அது. தெரிந்துகொள்ளுதலைப் பற்றி அதைவிட அழுத்தமாகச் சொன்ன அறிக்கைகள் குறைவு. அதன் முதல் அதிகாரம் 16ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தன்னில் உறுதியான விசுவாசத்தை இன்னும் உணராதவன், தேவன் வைத்த வழிகளில் நடந்துகொண்டிருந்தால், கைவிடப்படுதல் என்ற சொல்லைக் கேட்டுக் கலங்கக் கூடாது. அந்த வழிகளிலேயே ஊக்கமாகத் தொடர வேண்டும். தன்னைப் பற்றியே அப்படி முடிவு கட்டக் கூடாது என்றால், இன்னொருவர் மகனைப் பற்றி முடிவு கட்ட அந்தப் பிரசங்கியாருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்த மனிதன் யாரும் இல்லை.

இனி என் நம்பிக்கையைச் சொல்கிறேன். மனிதனுக்குச் சித்தம் இருக்கிறது. ஆனால் அது பாவத்துக்கு அடிமைப்பட்ட சித்தம். தாகமே இல்லாதவன் முன்னால் தண்ணீரை வைத்து "குடிக்க உனக்குச் சுதந்தரம் உண்டு" என்றால் குடிப்பானா? முதலில் தாகம் வர வேண்டும். அந்தத் தாகத்தைத் தேவனே உண்டாக்குகிறார். பிலிப்பி பட்டணத்தில் லீதியாள் பவுலின் பேச்சைக் கவனிக்கும்படி "கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார்." உங்கள் லுத்தரும் இதில் இளைத்தவர் இல்லை. 1524இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் சுயசித்தத்துக்காக எழுதியதற்கு, மறு வருடமே சித்தத்தின் அடிமைத்தனத்தைப் பற்றி ஒரு முழு நூலை எழுதிப் பதில் சொன்னவர் அவர்.

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். அண்ணனுக்காக ஜெபித்தபோது என்ன வார்த்தைகளைச் சொன்னார்? "ஆண்டவரே, அவன் மனதை மாற்றும்" என்றுதானே? "அவன் மனதில் நீர் கை வைக்காதிரும், அவனே முடிவு செய்யட்டும்" என்று எந்தத் தாயும் முழங்காலிட்டதில்லை. தேவன் மனித இருதயத்தை ஆளுகிறவர் என்று நம்புகிறவரால்தான் அப்படி ஜெபிக்க முடியும். அம்மா 19 வருடம் செய்தது என் போதனைக்கு முரணானது இல்லை ஐயா, அதுவே என் போதனை.

3. தாழங்குடா சாட்சி, திங்கள் காலை 6.05

ஐயா எழுதியதில் அம்மாவுக்கான பகுதிக்கு ஆமென். மற்றதற்கு என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

நான் கடல்தொழில் குடும்பம். ஆறு வருடம் கர்த்தரை விட்டு ஓடினேன். பாஸ்டர் வீடு தேடி வந்தால் பின்பக்கமாக இறங்கிக் கரைக்குப் போய், வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்துகொள்வேன். அவர் பேசுவது உண்மை என்று உள்ளே தெரியும். தெரிந்தேதான் எழுந்து போனேன். இன்று சாட்சி சொல்லும்போது "கர்த்தர் என்னைப் பிடித்தார்" என்கிறேன். நானாக வந்தேன் என்று சொல்ல நாக்கு வராது. அதில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் ஓடியது யார்? அந்த ஆறு வருடத்தையும் அவரே நியமித்தார் என்றால் மனந்திரும்பிய இரவில் நான் எதற்காக அழுதேன்? அவர் எழுதிக் கொடுத்ததை நடித்துவிட்டு, அதற்காக அவரிடமே மன்னிப்புக் கேட்டேனா? எருசலேமைப் பார்த்து ஆண்டவர் அழுதது (லூக்கா 19:41) மெய்யான கண்ணீர் என்று நம்புகிறேன். உள்ளே ஒரு சித்தத்தை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றுக்காக அழுகிறவரை என்னால் அப்பா என்று கூப்பிட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கரையில் வந்து, போனவர்கள் எல்லாம் தேவனால் தள்ளப்பட்டவர்கள் என்று பேசியவர்கள் உண்டு. சகதியில் பிணம் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் பேசினார்கள். தேவனுடைய இரகசியத்தைத் தன் சட்டைப் பையில் வைத்திருப்பதுபோல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றிலிருந்தே ஆகாது.

4. நெல்லித்தோப்பு டீச்சர் (புதுச்சேரி), திங்கள் மாலை 5.30

நான் கத்தோலிக்கப் பெண். மறைக்கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள். நீங்கள் "கிருபை" என்பதை நாங்கள் "அருள்" என்போம், "இரட்சிப்பு" என்பதை "மீட்பு" என்போம். சொல் வேறு, முடிச்சு ஒன்றுதான்.

கத்தோலிக்கர் நற்செயலால் தாங்களே மீட்படைவதாக நம்புகிறார்கள் என்று பல சகோதரர்கள் நினைக்கிறார்கள். 529இல் பிரான்சிலுள்ள ஆரஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கமே, நம்பிக்கையின் தொடக்கம்கூட, நம்ப வேண்டும் என்ற முதல் ஆசைகூட, அருளின் கொடை என்று சொல்லிவிட்டது. தீமைக்கென்று கடவுள் யாரையும் முன்குறித்தார் என்பதையும் அதே சங்கம் வெறுத்துத் தள்ளியது. எங்கள் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547இல் இரண்டையும் சேர்த்து வைத்தது: அருள் முந்திக்கொள்ளாமல் மனிதனால் அசைய முடியாது, அருள் அசைக்கும்போது மனிதனின் சித்தம் அதை மறுக்கவும் முடியும்.

அப்படியானால் அருள் பலிக்கும் என்பது எப்படி உறுதி? இதில்தான் எங்கள் வீட்டுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. மோலினா என்ற ஸ்பானிய இயேசு சபைக் குரு 1588இல் ஒரு நூல் எழுதினார். எந்த மனிதன் எந்தச் சூழ்நிலையில், எந்த அழைப்புக்கு, சுதந்தரமாக என்ன பதில் சொல்வான் என்பதைக் கடவுள் படைப்புக்கு முன்பே அறிவார் என்றார். என் மாணவிகளுக்கு இதை இப்படி விளக்குவேன். இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி. மூத்தவனை அதட்டிக் கூப்பிட்டால் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். "சோறு ஆறிப்போகிறது" என்றால் எழுந்து வருவான். அவள் சோற்றைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவன் வருகிறான். கட்டி இழுத்து வந்தாளா? இல்லை. அவன் வருவது அவளுக்குத் தெரியாமல் இருந்ததா? அதுவும் இல்லை. தாய்க்குத் தெரிவது அனுமானம், கடவுளுக்குத் தெரிவது முழு உண்மை என்ற வேறுபாடு உண்டு. உவமை அதற்கு மேல் தாங்காது.

டொமினிக் சபையைச் சேர்ந்த பாஞெஸ் இதை ஏற்கவில்லை. படைத்தவரின் அறிவு படைக்கப்பட்டவனின் பதிலுக்காகக் காத்திருக்கலாமா, அருள் தன் சொந்த வல்லமையால்தான் பலிக்கும் என்றார். 1598இல் உரோமையில் இதற்காகவே ஒரு குழு அமைந்தது. இரண்டு தரப்பிலும் மகா கல்விமான்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் என்ன தீர்ப்புச் சொன்னார் தெரியுமா? தீர்ப்பே சொல்லவில்லை. ஒருவரையொருவர் பதிதர் (தவறான போதனைக்காரர்) என்று அழைக்கக் கூடாது என்று கட்டளையிட்டு அனுப்பிவிட்டார். இளம் வயதில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது, எங்கள் திருச்சபை எடுத்த ஞானமான முடிவுகளில் ஒன்றாக இதை எண்ணுகிறேன்.

(ரோமருக்கு எழுதிய பவுலின் பெயர் எங்கள் ஊரில் ஒரு கோவிலுக்குள் ஒளிந்திருக்கிறது. பேராலயத்தைச் சம்பா கோவில் என்கிறோமே, சான் பால் என்பதுதான் அப்படித் திரிந்தது.)

5. சீர்திருத்த வாசகன், திங்கள் இரவு 8.20

டீச்சர், சோற்று உவமை அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. எந்த அழைப்புக்கு யார் இணங்குவார் என்று கடவுளுக்குத் தெரியுமென்றால், எல்லாரையும் அவரவர் இணங்கும் விதத்திலேயே ஏன் அழைக்கவில்லை? இளையவனுக்கு ஏன் அதட்டல் மட்டும் கிடைத்தது? நான் "தெரிந்துகொண்டார்" என்று சொல்லும் இடத்தில் நீங்கள் "அறிந்து, அழைப்பைத் தேர்ந்தெடுத்தார்" என்கிறீர்கள். இரகசியம் ஓர் அறை தள்ளிப் போயிருக்கிறது, வீட்டை விட்டுப் போகவில்லை.

தாழங்குடா சகோதரரே, உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தேவன் கட்டளையாக வெளிப்படுத்திய சித்தம் ஒன்று, நடத்தி முடிக்கும் தீர்மானம் ஒன்று என்று எங்கள் ஆசிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். யோசேப்பை விற்ற சகோதரர்கள் கட்டளையை மீறினார்கள், தீர்மானம் நிறைவேறியது. ஆதியாகமம் 50:20இல் ஒரே செயலுக்கு இரண்டு நினைவுகள் இருக்கின்றன: அவர்கள் நினைத்தது தீமை, தேவன் முடித்தது நன்மை. நீங்கள் ஓடியது உங்கள் சொந்த ஓட்டம்தான், நடிப்பு இல்லை. யாரும் உங்களைத் தள்ளவில்லை, நீங்கள் ஓட விரும்பினீர்கள். அதனால்தான் உங்கள் கண்ணீரும் உங்களுடையது. அதற்கு மேல் எனக்குப் பாதை தெரியவில்லை. எருசலேமுக்காக அவர் அழுத கண்ணீர் மெய்யானது. அதையும் ரோமர் 9ஐயும் ஒரே வாக்கியத்தில் எழுத என்னால் முடியவில்லை.

6. நெல்லித்தோப்பு டீச்சர், திங்கள் இரவு 9.00

எங்கள் விளக்கத்திலும் அதே இடத்தில்தான் இடறுகிறோம் தம்பி. ஒப்புக்கொள்கிறேன்.

7. மட்டுறுத்துநர், திங்கள் இரவு 10.10

மற்ற சபையினரைப் பழித்து எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. உரையாடல் தொடரலாம்.

8. தாழங்குடா சாட்சி, செவ்வாய் காலை 10.45

இன்று காற்று பலமாக இருந்ததால் கடலுக்குப் போகவில்லை. அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த அதிகாரத்தை எங்கள் ஊரில் வாசித்தால் பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகிற கப்பலில் 276 பேர். பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பவுலிடம் தூதன் வந்து, உன்னோடு யாத்திரை பண்ணுகிற யாவரையும் தேவன் உனக்குத் தந்தார் என்கிறான். ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது என்று பவுல் எல்லாருக்கும் சொல்கிறார். முடிந்துவிட்டது, தேவன் வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு என்ன நடக்கிறது? ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம், அப்புறம் பதினைந்து பாகம். கரை நெருங்குகிறது. பாறையில் மோதிவிடுவோம் என்று பின்னணியத்திலிருந்து (கப்பலின் பின்பக்கம்) நாலு நங்கூரம் போடுகிறார்கள். அப்போது கப்பலாட்கள், முன்னணியத்திலும் (முன்பக்கம்) நங்கூரம் போடப்போகிறவர்கள்போலப் பாவனை செய்து, சிறு படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். நூற்றுக்கு அதிபதியான படைத் தலைவனிடம் பவுல் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்."

எல்லாரும் பிழைப்பார்கள் என்று சொன்ன அதே வாய்! நான் பவுலாக இருந்தால், தேவன் சொல்லிவிட்டார், போகிறவன் போகட்டும் என்று படுத்திருப்பேன். அந்த இரவில் கப்பலைப் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கடலுக்குப் போகிறவனுக்குத்தான் தெரியும். போர்ச்சேவகர்கள் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். தேவனுடைய வாக்கு நிறைவேற அந்தக் கயிறு அறுபட வேண்டியிருந்தது. கரைசேர்ந்ததும் எப்படி? சிலர் நீந்தினார்கள், சிலர் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் எல்லாரும் வந்தார்கள்.

சீர்திருத்த வாசகன் ஐயா, இதைப் படித்தபோது நீங்கள் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. மீதிப் பாதியில் இன்னும் மோதிக்கொண்டுதான் இருக்கிறேன். உப்பனாற்றங்கரை அண்ணா, அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். தேவன் வாக்குக் கொடுத்த பிறகும் கயிற்றை அறுக்க ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள்.

9. கெடிலம் வாசகர் (திருவந்திபுரம்), செவ்வாய் பகல் 2.15

நான் கிறிஸ்தவன் அல்லன். இந்த இழையை நேற்றிலிருந்து வாசிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர் எங்களுடையது. நீங்கள் பேசுவதைத்தான் வைணவர்களும் நூற்றாண்டுகளாகப் பேசுகிறார்கள். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. பற்றுதல் ஒரு வியாஜமாகவாவது (பெயரளவுக் காரணமாகவாவது) வேண்டும் என்பார் தேசிகர் வழியினர். அதுகூட வேண்டாம், தடுக்காமல் இருந்தால் போதும் என்பார்கள் தென்கலையார்.

அம்மாவுக்காக இன்னொன்று. இதே கெடிலக் கரையில், திருவதிகையில், திலகவதியார் என்ற அக்கா, வேறு சமயம் சென்ற தம்பிக்காகச் சிவனிடம் வேண்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தம்பிதான் அப்பர். யார் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அந்த அக்கா விசாரித்ததாக எந்தக் கதையும் இல்லை.

10. உப்பனாற்றங்கரை, செவ்வாய் இரவு 9.30

திருவந்திபுரத்து ஐயாவுக்கு நன்றி. அக்காவின் கதை என் நெஞ்சைத் தொட்டது. பூனைக்குட்டி பற்றி ஒன்று தோன்றியது. பூனைக்குட்டி கவ்வுகிற தாயைக் கடிப்பதில்லை. எங்கள் வேதம் மனிதனைப் பற்றிச் சொல்வதில் அதுதான் கடினமான பகுதி: நாங்கள் கடிக்கிறோம். தூக்க வந்தவரைச் சிலுவையில் அறைந்தோம். அவர் அதற்குப் பிறகும் விடவில்லை என்பதைத்தான் சுவிசேஷம் என்கிறோம்.

நேற்றிரவு எங்கள் லுத்தரன் அறிக்கைகளைத் திரும்ப எடுத்தேன். 1577இல் எழுதப்பட்ட இணக்க அறிக்கையின் 11ஆம் பிரிவு தெரிந்துகொள்ளுதலைப் பற்றியது. இரட்சிக்கப்படுகிறவன் முழுக்கக் கிருபையால் இரட்சிக்கப்படுகிறான், கெட்டுப்போகிறவன் தன் குற்றத்தாலேயே கெட்டுப்போகிறான் என்று அது சொல்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் நேர் செய்ய முற்படவில்லை. தேவனுடைய மறைந்த ஆலோசனையைத் துருவாதே, கிறிஸ்துவில் வெளிப்பட்டதைப் பார் என்கிறது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது குறையாகப் படலாம். எனக்கோ, பிரசங்கியார் எங்கே தவறினார் என்பது இதில்தான் தெளிந்தது. அவர் அம்மாவை மூடின புத்தகத்தின் முன்னால் நிறுத்தினார். திறந்த புத்தகம் ஒன்று இருக்கிறது. அண்ணன் பெயர் எங்கள் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. அன்று அவனைக் கையில் ஏந்தி நின்றது அம்மாதான். "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்" தேவன் சித்தமுள்ளவர் என்று 1 தீமோத்தேயு 2:4 சொல்கிறது. அதே அதிகாரத்தின் முதல் வசனம், எல்லா மனுஷருக்காகவும் ஜெபம் பண்ணுங்கள் என்பது. கட்டளையும் காரணமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு எல்லாப் பதிவுகளையும் வாசித்துக் காட்டினேன். டார்ட், மோலினா எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கப்பல் கதை வந்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "அந்த 276 பேரில் பவுலைத் திட்டியவனும் இருந்திருப்பான் இல்லையா?" என்று கேட்டார். இருந்திருப்பான் என்றேன். "அவனும் கரைக்கு வந்தானா?" எல்லாரும் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறது என்றேன். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

11. சீர்திருத்த வாசகன், செவ்வாய் இரவு 10.50

ரோமர் 9இல் என் நிலை மாறவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், தாழங்குடா சகோதரர் அவசியம் வர வேண்டும், பார்வோனின் இருதயத்திலிருந்து தொடங்குவோம். நாளை முதல் நாலரை மணிக்கு நானும் எழுகிறேன். அண்ணன் பெயரை இங்கே எழுத வேண்டாம். உப்பனாற்றங்கரையாரின் அண்ணன் என்றால் கர்த்தருக்குத் தெரியும்.

12. உப்பனாற்றங்கரை, புதன் காலை 7.20

இன்று விடியற்காலை சமையலறை வாசலில் விளக்கு எரிந்தது. அண்ணன் பெயர் கேட்டது. அதற்குப் பிறகு இன்னொரு பெயரும் கேட்டது. காது கொடுத்துக் கேட்டால், அந்தப் பிரசங்கியாருடையது.

ஆறு மணிக்கு அம்மா என்னிடம் போனை வாங்கி அண்ணனுக்குப் பேசினார். ஆலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமை சங்கரா மீன் குழம்பு வைக்கிறேன், ஆறுவதற்குள் வந்துவிடு என்றார். கடையைப் பூட்டிவிட்டு வர இரவு எட்டு மணி ஆகும், பரவாயில்லையா என்று அவன் கேட்டானாம். டீச்சர், உங்கள் உவமையை அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார். மீன் வாங்க இப்போது முதுநகர்த் துறைமுகத்துக்குப் போய் ஆள் சொல்லி வைக்க வேண்டும்.